சேர நாட்டிலிருந்து மூணு ஓலை

ஏ பிள்ள, ஜன்னலோரத்துல நான் உக்காந்துக்கிடுதேன், நீ இந்தப் பக்கம் வந்துரு. காத்து இல்லன்னா எனக்குத் தலை சுத்தும். ஆங், அப்படித்தான். பையை மடியில வச்சிக்கோ. நாகர்கோவில்தானே? வள்ளியூர்ல இறங்கணும்னு கடைசி நேரத்துல சொல்லாத, இது எண்டு டு எண்டு பஸ்ஸு, நடுவுல நிறுத்த மாட்டான். காதுல மாட்டியிருக்கதைக் கழட்டு. ரெண்டு மணி நேரமும் பாட்டா கேக்கப் போற? என்ன படிக்க? பி.எட்.டா? அப்ப நம்ம ஆளுதான் நீ. நான் முப்பத்தோரு வருஷம் வரலாறு டீச்சர். ரிட்டயர் ஆகி நாலு வருஷம் ஆச்சு. தங்கபுஷ்பம் டீச்சர்னு பாளையங்கோட்டைல யார்கிட்ட கேட்டாலும் வீட்டைக் காட்டுவாங்க.

உன்கிட்ட ஒரு நியாயம் கேக்கேன், சொல்லு. ஒருத்தி ஒரு போட்டியில ஜெயிச்சுட்டா. சும்மா இல்ல, மூணு பேரை ஒரே நாள்ல, உக்காந்த இடத்துலயே ஜெயிச்சுட்டா. கூட விளையாடினவளுங்க என்ன செய்யணும்? ஒரு வாழ்த்து சொல்லணும். மனசு இல்லன்னாலும் ஒப்புக்காவது சொல்லணும். ஜெயிச்சு இன்னைக்கோட மூணு வாரம் ஆகுது. ஒருத்தி வாயைத் திறக்கல. வாட்ஸப் குரூப்புல இருந்து மூணு பேரும் வெளிய போயிட்டாளுங்க. குரூப்புல இப்ப நான் மட்டும்தான் இருக்கேன்.

நாப்பது வருஷப் பழக்கம் பாத்துக்கோ. ட்ரெயினிங் படிக்கும்போது ஹாஸ்டல்ல நாலு பேரும் ஒரே ரூம். நானு, மேலப்பாளையம் ரஹ்மத், சேலத்துக்காரி சாரதாமணி, நாகர்கோவில் ஜெசிந்தா. ரஹ்மத் இப்ப மகன்கூட சார்ஜால இருக்கா. அந்தப் பையன் கம்ப்யூட்டர்ல வேலை பாக்கான். கொரோனா முடிஞ்ச சமயம், 'வீட்ல சும்மாதானே இருக்கீங்க, நாலு பேரும் விளையாடுங்க'ன்னு அவன்தான் இதைப் போட்டுத் தந்தான். தாயம், பரமபதம் மாதிரி பலகைதான், ஆனா பலகை கம்ப்யூட்டர்ல இருக்கும், போன்லயும் வரும். ஆயிரம் வருஷத்துக்கு முந்தின தென்னிந்தியா மேப்பு. சேரன், சோழன், பாண்டியன், சாளுக்கியன்னு நாலு ராஜா. ஆளுக்கு இத்தனை யானை, இத்தனை குதிரை, இத்தனை கப்பல். முறை வச்சு நகத்தணும். மத்த மூணு தலைநகரத்தையும் யாரு பிடிக்காங்களோ அவங்கதான் சக்கரவர்த்தி. ஒரு ஆட்டம் முடிய எட்டு ஒம்பது ஞாயித்துக்கிழமை ஆகும். காலைல முதல் ஆராதனை முடிஞ்சு வந்து, பத்து மணிக்கு லேப்டாப்பைத் திறந்தா ஒரு மணி வரைக்கும் நான் பாண்டியன். எங்க சார், அதான் என் வீட்டுக்காரரு, காப்பி கேட்டாக்கூட எந்திரிக்க மாட்டேன்.

பாண்டியன் நான்தான். பின்ன? பாளையங்கோட்டைல இருந்துக்கிட்டு வேற யாருக்கு விட்டுக் குடுப்பேன்?

இதுல பாத்துக்கோ, வரலாறு ஒழுங்கா இருக்காது. மிளகாய் வியாபாரம்னு ஒரு சீட்டு வச்சிருக்கான். ராஜராஜன் காலத்துல மிளகாய் ஏது? அது போர்த்துகீசியன் வந்த பிறகுல்லா வந்துச்சு? நான் அந்தக் கம்பெனிக்காரனுக்கு நாலு பக்கம் எழுதிப் போட்டேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி'ன்னு ஒரு வரி அனுப்பினான். அந்தச் சீட்டு இன்னும் அப்படியே இருக்கு. நான் அதைத் தொட மாட்டேன். மத்தவளுங்க வெக்கமே இல்லாம மிளகாய் வித்துப் படை சேக்காளுங்க.

இதுல முக்கியமானது ஓலை. ஒரு ராஜா இன்னொரு ராஜாவுக்கு ரகசியமா எழுதி அனுப்பலாம். ஓரத்துல ஒரு பனையோலை படம் மினுங்கும், தொட்டா விரியும். 'நீ சோழனை அடி, நான் சும்மா இருக்கேன்' அப்படின்னு பேரம் பேசுறது எல்லாம் அதுலதான். அதுல நிஜம் பேசணும்னு எந்தச் சட்டமும் கிடையாது. ரஹ்மத் 'எங்க ஏரியால கரண்டு இல்லட்டி, ரெண்டு முறை விட்டுரு'ன்னு எழுதுவா. சார்ஜால எங்க கரண்டு போகுது? நம்பி விட்டோம்னா பின்னால வந்து கோட்டையில ஏறி நிப்பா. சாரதா இன்னும் மோசம். 'மகளுக்கு இடுப்பு வலி எடுத்துருச்சு, ஜெபம் பண்ணுங்க'ன்னு எழுதினா. நாங்க மூணு பேரும் கண்ணை மூடி ஜெபம் பண்ணிட்டு இருக்கோம், அவ காஞ்சியைத் தூக்கிட்டுப் போயிட்டா. மகளுக்கு அப்பம் ஆறு மாசம்தான்.

நானும் செஞ்சிருக்கேன். இல்லன்னு சொல்லல. போன வருஷம், 'எங்க சார் பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாரு, கால் எலும்பு முறிஞ்சுருச்சு'ன்னு ஜெசிந்தாவுக்கு ஓலை போட்டேன். அவதான் சேரன். அவ கொல்லத்துல நிறுத்தியிருந்த கப்பல் எனக்கு வேணும். போட்டுட்டுப் பாக்கேன், சேர நாட்டுல அசைவே இல்ல. 'அமைச்சர் ஆள்கிறார்'னு வந்துருச்சு. ஆளு இல்லன்னா கம்ப்யூட்டரே ஒரு மந்திரியைப் போட்டு நடத்தும், அது ஒரு மண்ணுக்கும் ஆகாது, கோட்டைக்குள்ளயே உக்காந்திருக்கும். நான் கொல்லத்தைப் பிடிச்சேன், வஞ்சியைப் பிடிச்சேன். மணி பன்னெண்டரை இருக்கும், காலிங் பெல் அடிக்கு. வாசல்ல ஜெசிந்தாவும் அவ வீட்டுக்காரர் அருளப்பனும் நிக்காங்க. இதே பஸ்ல ஏறி வந்துருக்காங்க. அருளப்பன் பீட்டி மாஸ்டரா இருந்தவரு, ஆறடி ஆளு. கையில ஊனுகோல். பழைய ஸ்கூல்ல இருந்து கேட்டு வாங்கிட்டு வந்துருக்காரு. கதவைத் திறந்தது யாருங்க? எங்க சாரேதான், ரெண்டு காலையும் நல்லா ஊனி நிக்காரு, கையில பேப்பரு!

அருளப்பன் சிரிச்சாரு பாரு, தெருவே எட்டிப் பாத்துச்சு. 'டீச்சர், நீங்க டெல்லில இருக்க வேண்டிய ஆளு'ன்னாரு. ஜெசிந்தாவும் சிரிச்சா. சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு. அப்புறம் அடுக்களைக்கு வந்து எனக்கு வெங்காயம் உரிச்சுக் குடுத்தா. 'பஸ்ல வரும்போது முழுக்க அழுதுட்டே வந்தேன் புஷ்பம்'னு சொன்னா. அதுக்கு நான் என்ன செய்ய முடியும்? விளையாட்டுன்னா விளையாட்டா எடுத்துக்கணும்.

அதுக்குப் பிறகுதான் நான் சட்டம் போட்டேன். யாராவது போடணும்லா? ஓலையில என்ன எழுதினாலும் யாரும் நம்பக் கூடாது, நம்பி ஏமாந்தா அழக் கூடாது. அது ஒண்ணு. ஆட்டம் நடக்கிற வரைக்கும் போன்ல பேச்சு கிடையாது, அது இன்னொண்ணு. ஏன்னா ரஹ்மத் சனிக்கிழமை சாயங்காலம் போன் போட்டு, 'ஏட்டி புஷ்பம், நீதான எனக்கு எல்லாம்'னு கொஞ்சிக் கொஞ்சியே என் யானையைப் பறிச்சுருவா. எனக்கு இளகின மனசு. அதனால ஆட்டம் தொடங்குன அன்னைக்கே மூணு பேர் நம்பரையும் பிளாக் பண்ணிருவேன். போனு, வாட்ஸப்பு எல்லாத்தையும். சக்கரவர்த்தி யாருன்னு தெரிஞ்ச பிறகுதான் எடுப்பேன். மூணு பேரும் சரின்னு ஒத்துக்கிட்டாளுங்க. ஜெசிந்தாவும்தான் ஒத்துக்கிட்டா. அதை மறந்துராத.

இப்ப நடந்ததுக்கு வாரேன். தண்ணி வச்சிருக்கியா? குடு. ம்... இது என்ன, வெதுவெதுன்னு இருக்கு.

மூணு வாரத்துக்கு முந்தின ஞாயித்துக்கிழமை. ஆட்டம் ஆறாவது வாரத்துல இருக்கு. சாரதா கை ஓங்கியிருந்துச்சு. ஜெசிந்தா ஆரல்வாய்மொழில யானைப்படையைக் கொண்டு வந்து நிறுத்தியிருக்கா. இப்ப வரும் பாரு அந்த ஊரு, காத்தாடியா நிக்குமே, அங்கதான் கணவாய். அதைத் தாண்டிட்டா நேரா என் வீடு. எனக்கு ஒரே படபடப்பு. பத்தேகால் இருக்கும், ஓலை மினுங்குச்சு. சேர நாட்டுல இருந்து.

'புஷ்பம், அருளுக்கு நெஞ்சு வலி. இங்க முடியாது, திருவனந்தபுரம் கொண்டு போங்கன்னு சொல்லிட்டாங்க. உன் அண்ணன் மகன் கிங்ஸ்லி அங்கதான ஹார்ட் டாக்டர். ஒரு வார்த்தை சொல்லு.'

நீ என்ன நினைப்ப? சொல்லு. யானை கணவாய்ல நிக்கு, ஆறு வாரமா ஒரு ஓலைகூட போடாதவ இப்பப் பாத்து நெஞ்சு வலிங்கா. நானும் ராஜதந்திரம் தெரிஞ்சவதானே? 'சேர மன்னரின் குடும்பத்தாருக்கு எமது அனுதாபங்கள். முதலில் ஆரல்வாய்மொழியிலிருந்து உமது யானைகள் விலகட்டும்'னு எழுதினேன். செந்தமிழ்ல. எழுதிட்டு எனக்கே சிரிப்பு தாங்கல.

அஞ்சு நிமிஷத்துல சாரதாவோட சோழ நாட்டுல 'அமைச்சர் ஆள்கிறார்'. அடுத்து ரஹ்மத்தோட சாளுக்கியத்துலயும் அதேதான். சாரதா எங்க போனா, ரஹ்மத் எங்க போனா? நான் என்ன நினைச்சேன்னா, மூணு பேரும் சேந்து ஏதோ சதி பண்ணுதாளுங்க, வெளியே போய்த் தனியாப் பேசிக்கிடுதாளுங்கன்னு. எனக்கு வெறி ஏறிருச்சு. அடுத்த ஓலை வந்துச்சு. 'போன் போகவே மாட்டேங்கு புஷ்பம். ஆம்புலன்ஸ்ல இருக்கோம். கிங்ஸ்லி நம்பர் மட்டும் அனுப்பு போதும்.' நான் எழுதினேன்: 'தூதுவன் வழியாக அனுப்பியுள்ளோம். மதுரையிலிருந்து குதிரையில் வருகிறான். எட்டு வாரம் பொறுக்கவும்.'

ஏன் அப்படிப் பாக்க? நீயா இருந்தா நம்பியிருப்பியா? சாரதா மகளுக்கு இடுப்பு வலின்னு சொன்னாளே, அப்ப யாரு யாரைக் குத்தம் சொன்னா? அன்னைக்கு எல்லாரும் சிரிச்சோம்லா?

பிறகுதான் எல்லாம் தெரிஞ்சுது. ஜெசிந்தா போட்ட போனு பதினேழாம். ரஹ்மத்தும் சாரதாவும் போட்டது பத்தொம்பது. பிளாக் லிஸ்ட்ல எல்லாம் வரிசையா நிக்கு. ஒண்ணாவது அடிச்சாத்தானே எனக்குத் தெரியும்? எங்க சார் நம்பருக்கும் கூப்பிட்டுருக்கா. அவரு சர்ச் கமிட்டி கூட்டத்துல இருந்தாரு, போனை ஆஃப் பண்ணி வச்சிருந்தாரு. அதுக்கும் நானா பொறுப்பு? திருவனந்தபுரத்துல படுக்கை இல்லன்னு சொல்லி வாசல்லயே நிறுத்தி வச்சிருந்தாங்களாம். கடைசியில ரஹ்மத் மகன் யார் யார்கிட்டயோ விசாரிச்சு கிங்ஸ்லியைப் பிடிச்சுட்டான். கிங்ஸ்லி தங்கமான பிள்ளை, கேட்ட உடனே ஓடியிருக்கான். வேட்டியோட ஓடினானாம். பிழைக்க வச்சிட்டான். ஆளு உயிரோட இருக்காரு. பிறகென்ன?

கிங்ஸ்லி சாயங்காலம் எனக்குப் போன் பண்ணினான். 'அத்தை, ரெண்டு மணி நேரம் முன்னாடி எனக்குத் தெரிஞ்சிருந்தா பாதி இதயத்தைக் காப்பாத்தியிருப்பேன்'னான். டாக்டர்மாரு எப்பவும் அப்படித்தான் சொல்லுவாங்க. இப்ப அவரால மாடிப்படி ஏற முடியலையாம். நாலு எட்டு வச்சா மூச்சு வாங்குதாம். நூறு பிள்ளைகளை மைதானத்துல ஓட விட்டவரு, குளிக்கிறதுக்கு நாற்காலி போட்டு உக்காருதாராம்.

நான் என்ன கேக்கேன்னா, ஒரு வார்த்தை என்கிட்ட நேர்ல கேட்டுருக்கலாம்லா? 'ஏன் புஷ்பம் இப்படிப் பண்ணின'ன்னு வந்து திட்டியிருக்கலாம்லா? நான் விளக்கம் சொல்லியிருப்பேன். சட்டம் இருந்துச்சுன்னு சொல்லியிருப்பேன். எதுவும் கேக்கல. குரூப்பை விட்டுப் போயிட்டா. அவ போனதும் மத்த ரெண்டும் பின்னாலயே போயிருச்சு. ரஹ்மத் மட்டும் போகும்போது ஒண்ணு எழுதினா. 'நீ சக்கரவர்த்தியாவே இரு'ன்னு. இதுவா வாழ்த்து? நீயே சொல்லு.

சரின்னு நான்தான் இறங்கி வந்துருக்கேன். நேர்ல பாத்துப் பேசிட்டா முடிஞ்சது. இந்தா, ஆப்பிள், ஆரஞ்சு, சுகர் இல்லாத ஹார்லிக்ஸ். அவருக்கு ஆரஞ்சு ஆகுமான்னு தெரியல. மருந்துகூடச் சேராதுன்னு யாரோ சொன்னாங்க. கிங்ஸ்லிகிட்ட கேக்கலாம்னா, அவனும் இப்ப எடுத்த எடுப்புல 'டியூட்டில இருக்கேன் அத்தை'ங்கான்.

ஆரல்வாய்மொழி தாண்டியாச்சு. பாத்தியா, பேசிட்டே இருந்துட்டோம். கணவாயைப் பாக்கவே இல்ல.

என்ன கேட்ட? சத்தமாச் சொல்லு, பஸ் இரைச்சல்ல கேக்கல. ஜெசிந்தா இதுக்கு முன்னாடி ஓலையில எப்பமாவது பொய் எழுதியிருக்காளான்னா?

நல்ல கேள்விதான் கேக்க. பி.எட். பாஸ் ஆயிருவ.

இல்ல. ஒண்ணுகூட இல்ல. மூணு வருஷத்துல ஒரு ஓலைகூடப் பொய்யா எழுதினது இல்ல. 'நாளைக்கு உன் மேல படையெடுக்கேன் புஷ்பம், கோட்டையைப் பாத்துக்கோ'ன்னு எழுதிட்டுத்தான் வருவா. அதனாலதான் எப்பவும் தோப்பா. பொய் சொல்ல வராது அவளுக்கு. ஹாஸ்டல்லயே அப்படித்தான். வார்டன் கேட்டா எல்லாரையும் மாட்டி விட்டுருவா, தன்னையும் சேத்து.

நீ ஏன் பிள்ள இதைக் கேட்ட? எங்க சாரு கேக்கல, பாஸ்டர் கேக்கல. மூணு வாரமா நான் எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன், ஒருத்தர் கேக்கல.

மூணாவது ஓலையை உனக்குச் சொல்லல. பதினொண்ணுக்கு வந்துச்சு. 'விளையாட்டு இல்ல புஷ்பம். உன் கால்ல விழுதேன்'னு இருந்துச்சு. ஜெசிந்தா யார் கால்லயும் விழ மாட்டா. ஹாஸ்டல்ல மூணு நாள் காய்ச்சல்ல கிடந்தா, பக்கத்துக் கட்டில்ல இருந்த என்கிட்ட ஒரு டம்ளர் தண்ணி கேக்கல. அவ எழுதுதா, கால்ல விழுதேன்னு. பாத்த உடனே தெரிஞ்சு போச்சு. பக்கத்துல போன் இருந்துச்சு. எடுத்தேன். கிங்ஸ்லி நம்பரைத் தேடி வச்சுட்டேன், தொட வேண்டியதுதான் பாக்கி. அப்பம் ஸ்க்ரீன்ல 'உங்கள் முறை'ன்னு வந்துச்சு. வஞ்சிக் கோட்டை வாசல் திறந்து கிடக்கு. மந்திரிதான் உள்ள இருக்கு. இந்த ஒரு முறையை மட்டும் முடிச்சிட்டுக் கூப்பிடுவோம், ரெண்டு நிமிஷம்தானேன்னு நினைச்சேன். முடிச்சேன். அது முடிஞ்ச உடனே தஞ்சாவூர் தெரிஞ்சுது. அங்கயும் மந்திரிதான். மூணு நாட்டுலயும் ஆளே இல்லை பிள்ள. மூணு வருஷத்துல ஒரு தடவைகூட நான் ஜெயிச்சது இல்ல. எல்லாருக்கும் சட்டம் சொல்லிக் குடுத்தேன், கதை சொன்னேன், ஜெயிச்சது இல்ல.

சக்கரவர்த்தின்னு தங்க எழுத்துல வந்தப்ப மணி ஒண்ணு. முரசு சத்தமெல்லாம் வச்சிருக்கான். அது முடியிற வரைக்கும் உக்காந்து கேட்டேன். அதுக்குப் பிறகுதான் கிங்ஸ்லிக்கு அடிச்சேன். அவன் எடுக்கல. அதுக்குள்ள ரஹ்மத் மகன் அவனைப் பிடிச்சிருக்கான்.

இதை எங்க சார்கிட்டகூடச் சொல்லல.

வடசேரி வந்துருச்சு. நீ எந்திரி, உன்னை எதிர்பாத்து யாராவது நிப்பாங்க. இந்தப் பழப்பையை நீ எடுத்துட்டுப் போயேன். வேண்டாமா? எடுத்துக்கோ, வீட்டுக்குக் கொண்டு போனா எங்க சார் கேள்வி கேப்பாரு. போன வாரப் பையே ஃப்ரிட்ஜ்ல அழுகிட்டு இருக்கு. நான் இறங்கல. கால் மரத்துருச்சு, அவ்வளவுதான். ஜெசிந்தா வீடு இங்கிருந்து ஆட்டோவுக்கு அஞ்சு நிமிஷம்தான், எப்ப வேணும்னாலும் போகலாம். நீ போ. அந்தா கண்டக்டர் தம்பி வாரான். அவன் ஒண்ணும் கேக்க மாட்டான். போன ரெண்டு வாரம் மாதிரியே திருநெல்வேலிக்கு ஒரு டிக்கெட்டைக் கிழிச்சு என் கையில குடுத்துட்டு அவன்பாட்டுக்கு டீ குடிக்கப் போயிருவான்.